மெத்தனால் சோதனையை நோயாளியின் பக்கத்தில் கொண்டு வாருங்கள்: இரண்டு துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

கள்ளச்சாராயம் குடித்துவிட்டு வருபவர்களைச் சேர்க்கும் அரசு மருத்துவமனைகளில், தொழிற்சாலைகளில் பயன்படும் விஷ ஆல்கஹாலான மெத்தனாலைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று கேட்டு ஓர் அரசு அலுவலகத்துக்கு மனு அனுப்பியிருந்தேன். எந்த முறையில் சோதிப்பது, என்னென்ன ரசாயனங்கள் வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தேன். பதில் ஒரே பத்தியில் வந்தது. தடய அறிவியல் ஆய்வகங்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறதாம். மருத்துவமனைகளுக்குத் தனியாகத் தேவை எழவில்லையாம். மனு முடித்து வைக்கப்படுகிறதாம்.

முடித்து வைத்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மேசைக்கு வந்த காகிதத்தை அவர் அனுப்பிவிட்டார். ஆனால் அந்தப் பதிலில் இருக்கும் எண்ணம் அவருடையது மட்டும் என்று நான் நம்பவில்லை. அரசு முழுக்க அந்த எண்ணம்தான் ஓடுகிறது. அதனால்தான் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் உங்கள் இருவருக்கும் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து ஸ்பிரிட் வடிக்கும் ஆலையொன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். காய்ச்சி இறக்கிய சரக்கு கலனுக்குப் போகும் முன்பும், டேங்கரில் ஏறும் முன்பும், பாட்டிலில் அடைக்கும் முன்பும் சாம்பிள் எங்கள் மேசைக்கு வரும். ஆல்கஹால் எத்தனை சதவீதம், அமிலம் எவ்வளவு, ஆல்டிஹைடு, எஸ்டர், உயர் ஆல்கஹால்கள், மெத்தனால் என்று எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். ஓர் ஆலையில் விற்பனைக்குப் போகும் சரக்குக்கு இத்தனை காவல் இருக்கிறது. அந்தச் சரக்கை வாங்கக் காசில்லாமல் பாக்கெட் சாராயம் குடித்துக் கண்தெரியாமல் வருகிற கூலிக்காரருக்கு மருத்துவமனையில் இதில் ஒன்றுகூட இல்லை.

தடய அறிவியல் துறையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1849இல் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகமாகத் தொடங்கிய மரபு அது. இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. அங்கே இருப்பவர்களின் திறமை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் போகும் சாம்பிள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் வழக்குப் பதிவாக வேண்டும். பிறகு மகஜர், முத்திரை, கோரிக்கைக் கடிதம், எடுத்துச் செல்லும் காவலர், வரிசை எண். ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் அவசியம்தான். அந்த ஆய்வகத்திடம் சட்டம் கேட்பது, பிடிபட்ட பொருள் என்ன என்பதை. அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்கு வேண்டியது, இந்த ஆளின் உடம்பில் மெத்தனால் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பது. அதுவும் இன்றைக்கே, பொழுது சாய்வதற்குள்.

ஏன் இத்தனை அவசரம் என்பது உங்கள் மருத்துவ அதிகாரிகளுக்குத் தெரியும். ஆனாலும் மதுவிலக்குத் துறைக்காகச் சொல்கிறேன். மெத்தனால் உள்ளே போனவுடனே ஆளைச் சாய்ப்பதில்லை. வழக்கமான மதுவில் இருக்கும் எத்தனால் தருகிற அதே மாதிரியான போதையைத்தான் கொஞ்சம் தருகிறது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண் நரம்பைத் தின்பதும், ரத்தத்தைப் புளிக்க வைப்பதும் அந்த அமிலம்தான். குடித்ததற்கும் அது சேர்ந்து பாதிப்பு தெரிவதற்கும் நடுவே பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி இருக்கிறது. கூடவே நல்ல சாராயமும் கலந்து குடித்திருந்தால் இன்னும் நீளும். அந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம். மெத்தனாலை உடைக்கும் கல்லீரல் நொதியை எத்தனால் கொடுத்தோ ஃபோமெபிசோல் கொடுத்தோ மறித்துவிட்டு, டயாலிசிஸ் போட்டு விஷத்தை வெளியே எடுத்தால் ஆள் பிழைப்பார், கண்ணும் தப்பலாம். 10 மில்லி அளவுக்கே பார்வை போனதாகவும், 30 மில்லி உயிரை எடுக்கலாம் என்றும் மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. ஒரு பாக்கெட்டில் அதைவிட அதிகம் கலந்திருக்க முடியும்.

எங்கள் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகும் ஒருவரின் மனைவி ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அக்கா, இவருக்கு விடிஞ்சதுலேர்ந்து எல்லாம் பனி மூட்டமாத் தெரியுதாம். வயித்துவலி வேற. ராத்திரி எங்கயோ போய்க் குடிச்சிருக்காரு." கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுருட்டி வைத்திருந்தார். அதன் மூலையில் அரை ஸ்பூன் அளவுக்குத் திரவம் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்க்காமலே என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, மெத்தனால் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன், கவரையும் மருத்துவரிடமே காட்டச் சொன்னேன்.

அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் கெட்டிக்காரர். பார்வை மங்கல், வேகமான மூச்சு, ரத்தத்தில் ஏறிக்கிடந்த அமிலம் இவற்றை வைத்தே முடிவு செய்து, மூக்குக் குழாய் வழியாக எத்தனால் கொடுத்து, டயாலிசிஸ் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தார். சோதித்துப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அந்தக் கவரைப் போலீஸ் வந்து ஆதாரமாக வாங்கிக்கொண்டு போனது. அதில் மெத்தனால் இருந்தது என்ற அறிக்கை வந்தபோது அந்த மனிதர் வீடு திரும்பிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இப்போது ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. சாரம் ஏற முடியாது. அந்த மருத்துவர் அன்றைக்கு லீவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு மாநிலத்தின் விஷமுறிவு ஏற்பாடு, எந்த டாக்டர் டியூட்டியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து இருக்கலாமா?

இது ஒருவரோடு முடிந்த கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு நாளை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஜூன் 19. சாவு விழத் தொடங்கிவிட்டது. கள்ளச்சாராயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி மாவட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்து அன்று விளக்கம் வந்தது. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்குப் போனவர்கள் அங்கேயும் அதே சாராயத்தைக் குடித்ததாக அப்போதே செய்திகள் வந்தன. லேசாக வயிறு வலித்தவர்கள் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்று வீட்டிலேயே படுத்திருந்தார்கள். அன்றைக்கே ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். கடைசியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விளக்கம் சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கையில் சோதனை முடிவு எதுவும் இல்லாமல் பேசினார் என்கிறேன். முதல் நோயாளி குடித்த மிச்சத்தை அன்று காலையே அந்த மருத்துவமனையிலேயே சோதித்திருந்தால், மதியத்துக்குள் தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருக்கலாம்.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் போனார்கள். அப்போதும் மெத்தனால்தான். அதற்கு அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சி. நடுவே எந்த மருத்துவமனையில் என்ன சோதனைக் கருவி வந்தது என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டம் கடுமையானது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தீர்கள். நல்லது. ஒருநபர் ஆணையம் வந்தது. வழக்கை சிபிஐக்கு மாற்றி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விஷமுறிவு மருந்தான ஃபோமெபிசோலா, வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஒமெப்ரசோலா என்று அறிக்கைச் சண்டைகூட நடந்தது. இத்தனையிலும் சோதனை முறை என்ற பேச்சு எங்கும் வரவில்லை. வேதியியல் படித்தவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா?

சரி, சோதனைக்கு வருவோம். இது ராக்கெட் விடுகிற வேலை என்று யாரும் உங்களைப் பயமுறுத்தியிருந்தால், அது உண்மையில்லை என்று காட்டக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊரில் சரக்கு நல்லதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்துக் கொளுத்துவார்கள். நீலமாக எரிந்தால் சுத்தமான சரக்கு என்று நம்பிக்கை. மெத்தனாலும் அருமையாக எரியும், பகல் வெளிச்சத்தில் ஜுவாலைகூடச் சரியாகத் தெரியாது. அதனால் இந்தத் தீக்குச்சிப் பரீட்சையில் பாஸ் ஆகிற சரக்குத்தான் ஆபத்தானது என்றுகூடச் சொல்லலாம். ரெய்டுக்குப் போகும் அதிகாரிகளின் பையில் அடர்த்தி பார்க்கும் மிதவையான ஹைட்ரோமீட்டர் இருக்கும். அதுவும் இதில் உதவாது. 20 டிகிரியில் எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.791. மிதவைக்கு இரண்டும் ஒன்றே. தண்ணீரில் இத்தனை பங்கு ஆல்கஹால் என்று காட்டும், எந்த ஆல்கஹால் என்று காட்டாது. ஆனால் ஒளிவிலகலை அளந்தால் நிலைமை வேறு. எத்தனால் 1.361, தண்ணீர் 1.333, மெத்தனால் 1.329. ஹைட்ரோமீட்டரில் சாராயம் போலக் காட்டிவிட்டு ரிஃப்ராக்டோமீட்டரில் ஏறக்குறையத் தண்ணீர் போலக் காட்டினால் அங்கே சங்கதி சரியில்லை என்று அர்த்தம். நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த தந்திரம் இது. கரும்புச்சாற்றின் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கச் சர்க்கரை ஆலை ஆட்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற சின்னக் கருவி போதும். இரண்டும் கலந்த சரக்கில் இது தெளிவாகச் சொல்லாது, சர்க்கரையோ சாயமோ சேர்த்திருந்தாலும் ஏமாற்றும். முதல் சந்தேகத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது குரோமோட்ரோபிக் அமில முறை. ஐ.எஸ். 3752 என்ற இந்தியத் தர ஆவணம் மதுபானச் சோதனைகளுக்கென்றே இருக்கிறது. மது ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தினசரி வேலை. சாம்பிளை நீர்க்கச் செய்து, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்த பெர்மாங்கனேட்டில் விட்டு ஐஸ் தொட்டியில் அரை மணி நேரம் வைக்கிறோம். மெத்தனால் இருந்தால் அது ஃபார்மால்டிஹைடாக மாறுகிறது. மிச்ச பெர்மாங்கனேட்டின் ஊதா நிறத்தைச் சோடியம் பைசல்பைட்டால் போக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலத்தையும் அடர் கந்தக அமிலத்தையும் மெதுவாகச் சேர்த்து வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைக்க வேண்டும். எத்தனால் மட்டும் இருந்த குழாய் வெளிறிக் கிடக்கும். மெத்தனால் இருந்த குழாயில் கத்தரிப்பூ நிறம் எழும்பி வரும். அளவு தெரிய வேண்டுமென்றால் நிறத்தின் அடர்வை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை 575 நானோமீட்டரில் வைத்துப் படிக்கலாம். கூடவே மெத்தனால் இல்லாத ஒரு குழாயும், தெரிந்த அளவு சேர்த்த ஒரு குழாயும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் நிறத்தை நம்பக் கூடாது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்தைச் சுற்றி முடிந்துவிடும். கந்தக அமிலம் ஊற்றும்போது குழாய் கொதிக்கும். பழகிய கை வேண்டும். ஆனால் அந்தப் பழகிய கை உங்கள் மருத்துவக் கல்லூரி உயிர்வேதியியல் துறையில் இல்லையென்று சொல்வீர்களா?

இது மிச்சமிருக்கும் சாராயத்துக்கு. நோயாளியின் ரத்தத்துக்கு ஜிசி தான் சரி, அதாவது வாயு குரோமட்டோகிராஃபி. ரத்தத்தைச் சின்னக் குப்பியில் அடைத்துச் சூடாக்கி, மேலே எழும் ஆவியை மட்டும் கருவிக்குள் செலுத்துகிறார்கள். இதற்கு ஹெட்ஸ்பேஸ் முறை என்று பெயர். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வந்து திரையில் ஒரு பீக் ஆக எழும். மெத்தனால் ஒரு இடத்தில், எத்தனால் அதற்குப் பின்னால், தெளிவாகப் பிரிந்து நிற்கும். எத்தனை கலந்து கிடந்தாலும் தப்பாது. ஜிசி வருகிற வரைக்கும், ரத்தத்தில் கரைந்திருப்பவற்றின் செறிவை அளக்கும் ஆஸ்மோமீட்டரும், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிளட் கேஸ் சோதனையும் கைகொடுக்கும். சீக்கிரம் வந்தவருக்கு ஆஸ்மோலால் இடைவெளி (அளந்த செறிவுக்கும் கணக்கிட்ட செறிவுக்கும் உள்ள வித்தியாசம்) விரியும், தாமதமாக வந்தவருக்கு மெத்தனால் அமிலமாகிவிட்டதால் அந்த இடைவெளி சுருங்கி, அமிலம் சேர்ந்ததைக் காட்டும் அனயான் இடைவெளி ஏறியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் ஏமாற மாட்டார்கள்.

இன்னொரு விஷயத்தையும் ஜிசி சொல்லும், அதைத்தான் மதுவிலக்குத் துறைச் செயலாளர் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் காய்ச்சும்போது தப்பாகிப் போய் விஷமாகிவிட்டது என்று ஒரு கதை கிளம்புகிறது. மெத்தனால் பழத்தில் இருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருளிலிருந்து வருவது. அதனால்தான் திராட்சை ஒயினில் அது இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. சர்வதேசத் திராட்சை ஒயின் அமைப்பு சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கும் ரோஸுக்கும் 250 என்று வரம்பு வைத்திருக்கிறது. வெல்லத்திலும் மொலாசஸிலும் பெக்டின் கிட்டத்தட்ட இல்லை. வெல்லத்தை ஊறவைத்துப் பட்டை போட்டு எவ்வளவு மோசமாகக் காய்ச்சினாலும் ஊரையே கொல்லும் அளவுக்கு மெத்தனால் வராது. அந்த அளவு வந்தால் அது தொழிற்சாலை மெத்தனால். டிரம்மில், டேங்கரில் வந்தது. காய்ச்சிய சாராயத்தில் ஐசோஅமைல், ஐசோபியூட்டைல் போன்ற உயர் ஆல்கஹால்களின் பீக்குகள் நிறைய இருக்கும். தொழிற்சாலை மெத்தனாலைத் தண்ணீரில் கலந்து பாக்கெட் போட்டிருந்தால் அந்தப் பீக்குகள் இருக்கவே இருக்காது. சுத்திகரித்த ஸ்பிரிட்டில் கலந்திருந்தால் எத்தனாலும் மெத்தனாலும் உயரமாக, உயர் ஆல்கஹால்கள் மிகக் குறைவாக இருக்கும். ஒரே படத்தில் சரக்கு காட்டிலிருந்து வந்ததா, கிடங்கிலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். மெத்தனாலை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். அப்படியென்றால் கணக்கில் குறைந்த டிரம் எங்கே என்று அன்றைக்கே தேடத் தொடங்கலாம். மலையில் ஊறலை அழித்துப் படம் எடுத்துப் போடுவதைவிட அது பயனுள்ள வேலை.

மறுப்புகள் வரும் என்று தெரியும். செலவு என்பார்கள். கள்ளக்குறிச்சியில் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தீர்கள். கொடுத்தது சரியே, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தத் தொகை மொத்தம் 6 கோடியைத் தாண்டும். ஹெட்ஸ்பேஸ் வசதியோடு ஜிசி பத்துக்கும் மேல் வாங்க அது போதும். ஆதாரம் கெட்டுவிடும் என்பார்கள். மிச்சத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றை முத்திரையிட்டு வைத்தால் தீர்ந்தது. சோதனைக்கு ஒரு மில்லி போதும். குடிகாரனுக்கு இத்தனையா என்பார்கள், வெளியே சொல்லாமல். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

மற்ற நாடுகளில் இது நடக்கவில்லையா என்றால், நடந்தது. 1986இல் இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியிலிருந்து வந்த மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து 23 பேர் இறந்தார்கள். விற்றவர்களைச் சிறையில் போட்டதோடு அந்த நாடு நிற்கவில்லை. அதே ஆண்டு சட்டம் போட்டு, உணவு மோசடியைப் பிடிப்பதற்கென்றே ஒரு மத்திய ஆய்வு அமைப்பை உருவாக்கினார்கள். 2012 செப்டம்பரில் செக் குடியரசில் போலி வோட்காவாலும் ரம்மாலும் சாவு தொடங்கியபோது, 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் விற்கக் கூடாது என்று நாடு முழுக்க ஒரே நாளில் தடை போட்டார்கள். மூலச் சான்றிதழ் இருந்தால்தான் மறுபடி அலமாரிக்கு வந்தது. வருமானம் போகிறதே என்று தயங்கவில்லை.

இனி, நான் கேட்பது.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம்: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் குரோமோட்ரோபிக் முறையில் மெத்தனால் பார்க்கத் தேவையான ரசாயனங்களும், பயிற்சி பெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர் எந்த ஷிப்டிலும் இருப்பதும் உறுதி செய்யப்பட வேண்டும். கள்ளச்சாராயச் சாவு ஏற்கெனவே நடந்த விழுப்புரம், கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு மாவட்டங்களின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் ஹெட்ஸ்பேஸ் ஜிசி வைத்து, ரத்தத்தில் மெத்தனால் அளவை நான்கு மணி நேரத்துக்குள் வார்டுக்குச் சொல்ல வேண்டும். முடிவு வரும் வரை காத்திருக்காமல் சிகிச்சை தொடங்க மருத்துவருக்கு எழுத்து வடிவில் வழிகாட்டுதல் கொடுங்கள். ஃபோமெபிசோலோ மருத்துவத் தர எத்தனாலோ எந்த மருத்துவமனையில் எவ்வளவு இருப்பு என்பது பொதுப் பார்வைக்கு இருக்கட்டும்.

மதுவிலக்குத் துறையிடம்: குடித்த மிச்சத்தை மருத்துவமனைக்குக் கொண்டு வருபவர் மேல் அதை வைத்திருந்ததற்காக வழக்குப் போட மாட்டோம் என்று அரசாணையாகவே சொல்லுங்கள். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் பாதிப்பேர் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறார்கள், டாக்டரிடம் குடிக்கவே இல்லை என்று சாதிக்கிறார்கள். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வாந்தியோடும் பார்வை மங்கலோடும் வந்தாலே வழக்குப் பதிவுக்குக் காத்திராமல் சாம்பிள் சோதனைக்குப் போக வேண்டும். அந்த முடிவு வருவதற்கு முன்பு எந்த அதிகாரியும் காரணம் இதுதான் என்றோ இதில்லை என்றோ பேசக் கூடாது. குடித்தவர்கள் எல்லோரும் உடனே வாருங்கள் என்று மட்டும் அறிவிக்கட்டும். பிடிபடும் ஒவ்வொரு சாராயத்துக்கும் மெத்தனால் இருக்கிறதா என்பதோடு உயர் ஆல்கஹால்களின் படமும் அறிக்கையில் இருக்க வேண்டும், அந்தப் படம் மெத்தனால் உரிமதாரர்களின் இருப்புக் கணக்கோடு ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்.

டாஸ்மாக் பற்றி ஒன்றே ஒன்று. பாட்டிலின் மேல் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே மெத்தனால் எவ்வளவு என்று ஆலை ஆய்வகத்தில் பேட்ச் வாரியாகப் பதிவாகிறது. அந்த எண்ணைப் பேட்ச் எண்ணோடு சேர்த்து மக்கள் பார்க்கும்படி வெளியிடுவதில் என்ன தயக்கம்?

கடைசியாக, இரு துறைகளும் ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் எத்தனை ஊறல் அழித்தோம், எத்தனை பேரைக் கைது செய்தோம் என்று அச்சாகிறது. அடுத்த மானியக் கோரிக்கையின்போது அதே பக்கத்தில் இரண்டு எண்களைச் சேருங்கள்: எத்தனை நோயாளிகளுக்கு மெத்தனால் சோதனை நடந்தது, மாதிரி எடுத்ததிலிருந்து முடிவு மருத்துவர் கைக்கு வர சராசரியாக எத்தனை மணி நேரம் ஆனது. பயிற்சி கொடுக்க ஆள் இல்லையென்றால் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆலை வேதியியலர்கள் இந்த மாநிலத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கூப்பிட்டால் எந்த மாவட்டத்துக்கும் வருவோம், படிகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆலை வேதியியலர் ஒருவர்